போர்க்களத்தின் கணக்கு – 9: நடந்து வந்தவர்கள்

சென்ற அத்தியாயத்தில் நெப்போலியனின் அறுவை மருத்துவர் லாரேயைப் பார்த்தோம். குதிரை பூட்டிய இலகு வண்டிகளைச் சண்டை ஓயும்வரை காத்திராமல் களத்துக்கே அனுப்பியவர். தளபதியா சிப்பாயா, நம்மவனா எதிரியா என்று பாராமல், யாருடைய காயம் உயிருக்கு ஆபத்தானதோ அவனுக்கே முதல் கத்தி என்று வரிசை வைத்தவர். அவருக்கு நூறாண்டு கழித்து, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை வேறொரு கேள்வியோடு வரிசையைத் தொடங்கியது: இவனால் நடக்க முடியுமா?

முடியும் என்றால் அவன் ‘வாக்கிங் வூண்டட்’. நடந்துவரக்கூடிய காயக்காரன். ராணுவ மருத்துவத்தின் ஏடுகளில் இந்தச் சொல் ஒரு நோயின் பெயராகவோ காயத்தின் பெயராகவோ வரவில்லை. போக்குவரத்துப் பிரிவின் பெயராகத்தான் வந்தது. அது எப்படி, அதன் விலை என்ன என்பதே இந்த அத்தியாயம்.

ஒரு நாளின் கணக்கு

1916 ஜூலை 1, காலை ஏழரை மணி. பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் பிரிட்டிஷ் காலாட்படை பதுங்குகுழிகளை விட்டு ஏறியது. அன்று ஒரே நாளில் அந்தப் படையின் ‘கேஷுவாலிட்டி’ 57,470. நம் ஊர் அரசு மருத்துவமனையில் கேஷுவாலிட்டி என்றால் அவசரப் பிரிவு. செய்திகளில் அதைப் ‘பலி’ என்று மொழிபெயர்த்துவிடுவதும் உண்டு. படைக் கணக்கில் அதற்கு வேறு பொருள்: மறுநாள் காலை அணிவகுப்பில் நிற்க மாட்டாதவர் எல்லோரும் அதில் அடக்கம். அன்றைய எண்ணைப் பிரித்தால் இறந்தவர் 19,240, காயம்பட்டவர் 35,493, காணாமல் போனவர் 2,152, சிறைப்பட்டவர் 585.

இறந்தவரை அப்புறப்படுத்த நாள் கணக்கில் காத்திருக்கலாம். காயம்பட்டவரை அப்படி விட முடியாது. ஒரு ஸ்ட்ரெச்சரைத் தூக்க நல்ல தரையில் குறைந்தது இரண்டு பேர். குண்டு துளைத்த நிலத்தில் நான்கு பேர். அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் பாஷண்டேல் போர்க்களச் சேற்றில் ஆறு, எட்டுப் பேர்கூடத் தேவைப்பட்டார்கள். அந்த 35,493 பேரையும் ஆளுக்கு நான்கு பேர் வீதம் ஒரே நேரத்தில் தூக்குவதென்றால் ஏறத்தாழ 1,42,000 பேர் வேண்டும். எந்தப் படையிடமும் அத்தனை தோள்கள் கிடையாது.

ஆகவே காயம்பட்டவர்களை மூன்றாகப் பிரித்தார்கள்: படுத்தபடி போக வேண்டியவர், உட்கார்ந்தபடி போகக்கூடியவர், நடக்கக்கூடியவர். படுத்த நிலையில் நான்கு பேரை ஏற்றும் மோட்டார் ஆம்புலன்ஸ், உட்கார்ந்த நிலையில் எட்டுப் பேரை ஏற்றும். நடப்பவனுக்கு வண்டியே வேண்டாம். நடக்கச் சம்மதித்த ஒவ்வொருவனும் நான்கு தூக்கிகளை இன்னொருவனுக்காக விடுவித்தான். அந்தப் பிரிவு உண்டான காரணம் இந்தக் கணக்குதான்.

தோளின் விலை

ஒருவனைத் தூக்கிச் செல்வதற்கு என்ன செலவாகும் என்பதைத் தமிழ்த் தோள்களும் அறிந்திருந்தன. தென்னாப்பிரிக்காவில் போயர் போர் வெடித்தபோது, நேட்டாலில் வழக்கறிஞராக இருந்த காந்தி ஓர் இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். ஏறத்தாழ 1,100 பேர். அவர்களில் சுமார் 300 பேர் ஒப்பந்தத்தில் கட்டுப்படாத இந்தியர். மற்றவர்கள் கரும்புத் தோட்டங்களிலும் பிற இடங்களிலும் வேலை செய்த ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒப்பந்தத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள்; தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

1899 டிசம்பரில் கொலென்சோவிலும் 1900 ஜனவரியில் ஸ்பியன் காப் குன்றிலும் பிரிட்டிஷ் படை அடிபட்டபோது இவர்கள் ஸ்ட்ரெச்சர் சுமந்தார்கள். துப்பாக்கிச் சூட்டு எல்லைக்கு வெளியேதான் வேலை என்பது தொடக்க ஏற்பாடு. ஸ்பியன் காப்பில் அந்த எல்லையைத் தாண்டினார்கள். சில நாட்களில் 20 முதல் 25 மைல் வரை காயம்பட்டவர்களைச் சுமந்தபடி நடந்ததாகக் காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சுமார் ஆறு வாரங்களில் படை கலைக்கப்பட்டது. தலைவர்களாக இருந்தவர்களுக்குப் போர்ப் பதக்கம் கிடைத்தது.

நடக்கக்கூடியவனை நடக்கவைப்பது இரக்கமற்ற ஏற்பாடு என்று வண்டி, ரயில், ஹெலிகாப்டர் எல்லாம் பார்த்துவிட்ட நமக்குத் தோன்றலாம். ஒரு மனிதனை ஒரு மைல் நகர்த்த எத்தனை மூச்சு வாங்கும் என்று தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அம்புக்குறிகளின் பாதை

முதல் உலகப் போரின் மேற்குமுனையில், அதாவது பிரான்ஸ்–பெல்ஜியப் போர்முனையில், நடப்பவர்களுக்கென்று தனி வழியே இருந்தது. காயம்பட்டவன் முதலில் போய்ச் சேருவது தன் பட்டாலியனின் முதலுதவி இடத்துக்கு. பதுங்குகுழியின் ஒரு மூலையோ, இடிந்த வீட்டின் நிலவறையோ அதற்குப் போதும். அங்கே மருத்துவ அதிகாரி ரத்தத்தை நிறுத்தி, காயத்தைக் கட்டி, யார் எப்படிப் போக வேண்டும் என்று முடிவு செய்வார். இரணஜன்னியை (டெட்டனஸ்) தடுக்கும் ஊசி போட்டவுடன் கையிலோ நெற்றியிலோ அழியாத பென்சிலால் ‘டி’ என்று எழுதுவார்கள். சட்டைப் பொத்தானில் ஓர் அட்டை கட்டப்படும்: பெயர், எண், காயம், கொடுத்த மருந்து.

அதற்குப் பிறகு அவன் பலகைகளையும் அம்புக்குறிகளையும் பார்த்துப் பின்னால் நடக்க வேண்டும். வெடிமருந்து ஏற்றி முன்னால் போகும் வண்டிகளுக்கும் ஸ்ட்ரெச்சர்களுக்கும் குறுக்கே வராதபடி இந்தப் பாதையை ஒதுக்கியிருந்தார்கள். அதன் முடிவில் நடப்போருக்கான சேகரிப்பு நிலையம். சூடான தேநீர், ரொட்டி, சிகரெட், கட்டை மாற்றும் மருத்துவ உதவியாளர்கள். அங்கிருந்து, சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லாரியிலோ குறுகிய இருப்புப்பாதை வண்டியிலோ ஏற்றிப் பின்னணி மருத்துவ நிலையங்களுக்கு அனுப்பினார்கள்.

தனி நிலையம் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நடக்கக்கூடியவன்தான் முதலில் வந்து சேருவான். தொடை எலும்பு நொறுங்கியவன் குண்டுக்குழியில் தூக்கிகளுக்காகக் காத்துக் கிடக்கும்போது, விரல் போனவன் மருத்துவர் முன் நிற்பான். எல்லோரையும் ஒரே வாசலில் விட்டால் முதலில் வந்தவர்களைப் பார்த்து முடிப்பதற்குள் படுத்துக் கிடப்பவர்களின் நேரம் முடிந்துவிடும். லாரேயின் நியாயத்தைக் காப்பாற்றவே நடப்பவர்களை வேறு வாசலுக்குத் திருப்ப வேண்டியிருந்தது.

அந்தப் பாதையில் மருத்துவர்களோடு காவலர்களும் இருந்தார்கள். சண்டைக்குப் பின்புறச் சந்திப்புகளில் ராணுவ போலீசார் நின்று, பின்னால் வருபவன் ஒவ்வொருவனையும் சோதித்தார்கள். காயம் இல்லாமல் பின்னால் நடந்தவன் களத்தை விட்டு ஓடியவனாகக் கருதப்படலாம். அதற்கு மரண தண்டனை வரை இருந்தது. பொத்தானில் தொங்கிய அட்டை சிகிச்சைக் குறிப்பு மட்டுமல்ல, வழிச்சீட்டும் அதுவே.

இவ்வளவு திட்டமிட்டும் ஜூலை 1 அன்று எல்லாம் பொங்கி வழிந்தது. கேட்ட அளவில் மருத்துவ ரயில்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. மருத்துவ நிலையங்களின் கூடாரங்கள் நிறைந்து, சுற்றியிருந்த வயல்களில் காயம்பட்டவர்களைப் படுக்கவைத்தார்கள். கைவசம் இருந்த சாதாரண ரயில்களில் உட்காரக்கூடியவர்களை ஏற்றி அனுப்பிப் பாரத்தைக் குறைத்தார்கள்.

பிரைட்டன் அரண்மனையில் ஒரு சந்தேகம்

நடக்கிறான் என்றால் காயம் சிறியது. சிறியதென்றால் சீக்கிரம் ஆறும். ஆறினால் திரும்பப் போகலாம். இந்த மூன்று படிகளையும் படைத் தலைமை வேகமாக ஏறிவிடும். நடுப்படியில் நின்று கேள்வி கேட்டவர்களில் இந்தியச் சிப்பாய்கள் முக்கியமானவர்கள்.

1914 செப்டம்பர் இறுதியிலிருந்து இந்தியப் படைகள் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் ஹோலபேக்கில், 129ஆம் பலூச்சிப் படையின் சிப்பாய் குதாதாத் கான் இயந்திரத் துப்பாக்கிப் பிரிவில் இருந்தார். கூட இருந்தவர்கள் எல்லோரும் மடிந்தார்கள். இவரும் இறந்துவிட்டார் என்று ஜெர்மானியர்கள் விட்டுப் போனார்கள். காயங்களோடு ஊர்ந்து தன் படையிடம் வந்து சேர்ந்தார். விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவர். ‘நடக்கக்கூடியவர்’ என்ற பட்டியலில் அவரைப் போன்றவருக்கு இடமில்லை. ஆனாலும் களத்தை விட்டு வந்தது தன் உடம்பின் பலத்தால்தான்.

காயம்பட்ட இந்தியர்களுக்காக இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ராயல் பெவிலியன் அரண்மனை 1914 டிசம்பரில் மருத்துவமனை ஆனது. அதே நகரில் ஏழைகள் விடுதியாக இருந்த கட்டடம் கிச்சனர் இந்திய மருத்துவமனை ஆனது. சாதிக்கும் மதத்துக்கும் ஏற்பத் தனிச் சமையலறை, தனித் தண்ணீர்க் குழாய் என்று ஏற்பாடுகள் நடந்தன. இன்னொரு பக்கம் ஒரு சந்தேகமும் வளர்ந்தது: இத்தனை பேருக்குக் கையில் காயமாக இருக்கிறதே, களத்திலிருந்து தப்பிக்கத் தாங்களே சுட்டுக்கொண்டார்களோ?

கிச்சனர் மருத்துவமனையின் தலைவர் கர்னல் புரூஸ் சீட்டன் 1915இல் இதை ஆராய்ந்தார். 1,000 காயங்களை எடுத்து, எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று பிரித்தார். தாங்களே சுட்டுக்கொள்ளும் வழக்கம் பரவியிருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர் கண்ட முடிவு. பதுங்குகுழிப் போரில் சுவருக்கு மேலே தெரிவது தலையும் கையும்தான். குண்டும் அங்கேதான் படும். தலையில் பட்டவர்களில் பலர் மருத்துவமனை வரை வருவதில்லை. கையில் பட்டவன் நடந்து வந்துவிடுகிறான். வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணினால் கைக்காயம் கூடுதலாகத்தான் தெரியும். சிப்பாயின் நேர்மையைச் சந்தேகித்தவர்கள் பார்க்கத் தவறியது இதைத்தான்.

காயம் ஆறியவர்களை மறுபடி பிரான்சுக்கே அனுப்பியது இந்தியர்களைப் பெரிதும் புண்படுத்தியது. ஒருமுறை ரத்தம் சிந்தியவனுக்குக் கடமை முடிந்தது, அவன் ஊர் திரும்பலாம் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை செய்த அதிகாரிகள் இந்தக் குமுறலைத் தங்கள் அறிக்கைகளில் பதிவு செய்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்கு இங்கிலாந்தில் விடுப்பு உண்டு. இந்தியச் சிப்பாய்க்குக் கடல் கடந்த வீடு அவ்வளவு பக்கத்தில் இல்லை.

வண்டியில்லாத போர்

மேற்குமுனையில் அம்புக்குறியாவது இருந்தது. மெசபடோமியாவில் அதுவும் இல்லை. பாக்தாதைப் பிடிக்கப் போன ஆங்கிலேய–இந்தியப் படை, 1915 நவம்பர் 22 முதல் 25 வரை டெசிஃபோனில் துருக்கியரோடு மோதியது. இழப்பு சுமார் 4,600 பேர். அவர்களில் காயம்பட்டவர்களை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோக இருந்தவை, வில் பொருத்தாத கோவேறு கழுதை வண்டிகள். எலும்பு முறிந்தவன் அதில் படுத்துப் போவதைவிட நடப்பதே மேல் என்று நினைத்தால் வியப்பில்லை. வண்டி இல்லாத இடத்தில் நடக்கக்கூடியவர் எண்ணிக்கை தானாகக் கூடிவிடும். காயம் மாறுவதில்லை, பெயர்தான் மாறுகிறது.

ஆற்றில் மெஜிதியே என்ற நீராவிக் கப்பலும் அதோடு பிணைத்த தோணிகளும் சுமார் 600 பேரை பாஸ்ராவுக்குக் கொண்டுவந்தன. துறைமுகத்தில் நின்ற வரேலா மருத்துவக் கப்பலின் பொறுப்பில் இருந்த மேஜர் கார்ட்டர், அது நெருங்கி வருவதைப் பார்த்தார். கழிப்பிடமோ படுக்கையோ இல்லாமல், பல நாள் மாற்றாத கட்டுகளோடு, நெருக்கியடித்துக் கிடந்தார்கள். கப்பலின் பக்கங்களில் மலம் வழிந்து காய்ந்திருந்தது. மேலிடத்துக்கோ, காயம்பட்டவர்களின் நிலை திருப்திகரம் என்ற பொருளில் தந்தி போயிருந்தது. உண்மையைச் சொன்ன கார்ட்டரைக் கைது செய்வதாக மிரட்டினார்கள். 1916இல் அமைக்கப்பட்ட மெசபடோமியா விசாரணைக் குழு அவருடைய சாட்சியத்தைப் பதிவு செய்தது. 1917 ஜூனில் அறிக்கை வெளியானது. ஜூலையில் இந்தியாவுக்கான அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லின் பதவி விலகினார்.

அரசு ஏற்பாடு இப்படிக் குலைந்திருந்த காலத்தில், சென்னை மாகாண மக்களின் நன்கொடையில் ஒரு பயணிக் கப்பல் மருத்துவக் கப்பலாக மாற்றப்பட்டு, ‘மெட்ராஸ்’ என்ற பெயரோடு காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றிச் சென்றது.

கால் சரி, மற்றது?

நடக்க முடிகிறது என்பதால் காயமே இல்லை என்று ஆனவர்களும் உண்டு. 1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவ அதிகாரி ‘லான்செட்’ இதழில் ‘ஷெல் ஷாக்’ பற்றி எழுதினார். பீரங்கிக் குண்டு பக்கத்தில் வெடித்தபின் பார்வை, நினைவு, பேச்சு இவற்றில் ஏதோ ஒன்றை இழந்தவர்கள். உடம்பில் கீறல்கூட இருக்காது. படை இவர்களை எந்தக் கட்டத்தில் எழுதும்?

இரண்டு எழுத்துகளால் தீர்த்தார்கள். எதிரியின் குண்டுவெடிப்பால் நேர்ந்தது என்று நிரூபணமானால் ‘டபிள்யூ’, அதாவது காயம்பட்டவர். இல்லையென்றால் ‘எஸ்’, அதாவது நோயாளி. முதல் எழுத்து கிடைத்தவன் 1916இல் அறிமுகமான பொன்னிறக் காயப்பட்டையைச் சட்டைக் கையில் தைத்துக்கொள்ளலாம். ஓய்வூதியத்துக்கும் வழி உண்டு. இரண்டாம் எழுத்து விழுந்தவனுக்கு அந்த மதிப்பு இல்லை. எண்ணிக்கை பெருகியதும் 1917இல் அந்தப் பெயரையே முன்னணியில் பயன்படுத்தக் கூடாது என்று ஆணை வந்தது. ‘நரம்புக் கோளாறு, இன்னும் கண்டறியப்படவில்லை’ என்று எழுதச் சொன்னார்கள்.

போருக்கு வெளியே இந்தப் பிரிவினை இன்றும் உயிரோடிருக்கிறது. விபத்து இடங்களில் காயம்பட்டவர்களைப் பிரிக்க 1983இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகரில் உருவான ‘ஸ்டார்ட்’ முறையின் முதல் படியே ஓர் உரத்த குரல்: நடக்க முடிந்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் வாருங்கள்! போனவர்களுக்குப் பச்சை அட்டை. மிஞ்சியவர்களின் மூச்சு, ரத்த ஓட்டம், சொன்னதைச் செய்யும் தெளிவு ஆகியவற்றைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பிரிப்பார்கள்.

1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் நச்சு வாயு தாக்குதல் நடந்தபோது, செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு ஒரே நாளில் 640 பேர் வந்தார்கள். ஆம்புலன்சில் வந்தவர்கள் குறைவு. நடந்தும் கிடைத்த வண்டியிலும் வந்தவர்களே மிகுதி. அவர்கள் உடுப்பில் ஒட்டியிருந்த நஞ்சு ஊழியர்கள் பலரையும் தாக்கியது. நடந்து வருபவர் முதலில் வந்து வாசலை நிறைப்பார் என்பதை 1916இன் மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள்; டோக்கியோவில் அது புது உருவில் வந்தது. குண்டுவெடிப்பில் நுரையீரல் அடிபட்டவர் முதலில் எழுந்து நடந்து, பிறகு மூச்சுக்குத் திணறுவதும் உண்டு. அதனால்தான் பச்சை அட்டைக்காரர்களை மறுபடி மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள்.

ஒருவனைத் தூக்க ஆள் வேண்டுமா என்ற கேள்விக்கு ‘வாக்கிங் வூண்டட்’ சரியான பதில். அவனுக்கு எவ்வளவு அடி, அவன் திரும்பப் போகலாமா, அவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்விகளுக்கு அது பதிலே அல்ல. சீட்டனும் கார்ட்டரும் செய்தது வேறொன்றுமில்லை; முதல் கேள்வியின் விடையை மற்றக் கேள்விகளுக்கும் ஒட்டிவைக்க மறுத்தார்கள். படைக் கணக்கில் மனிதனைத் தேட விரும்புபவர் ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே எழுதிக் கேட்க வேண்டியது இது: எந்த வேலைக்காக இப்படிப் பிரித்தார்கள்?

முகத்தில் காயம்பட்டவர்களை மல்லாக்கப் படுக்கவைத்தால் ரத்தம் தொண்டையை அடைத்துவிடும். ஆகவே அவர்களில் பலர் உட்கார்ந்தோ நடந்தோதான் தப்பி வந்தார்கள். களத்தைக் கடந்துவிட்ட அவர்களுக்குக் கடைத்தெருவைக் கடப்பதுதான் கடினமாக இருந்தது. இங்கிலாந்தின் சிட்கப் நகரில் ஹெரால்ட் கில்லீஸ் அவர்களுக்குப் புது முகம் கட்டிய கதை அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)